160 ஸ்டாப்பில் எங்களுக்கு ஒன்றுகூட இல்லை: டெலிவரி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

டெலிவரி நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே உட்கார்ந்து ரூட் போடுகிறவர்களுக்கும், ஆப்பில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் டெலிவரி ஓட்டுகிறவன். முதலில் சில வருடம் இருசக்கர வண்டியில் சாப்பாட்டு ஆர்டர், இப்போது வேனில் பார்சல். எழுதப்போவது ஒன்னுக்குப் போவதைப் பற்றியும் மதியச் சாப்பாட்டைப் பற்றியும். முகம் சுளிக்காமல் படியுங்கள். இதை நாங்கள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அந்தக் கூச்சத்திலேயே இத்தனை வருடம் ஓடிவிட்டது. சூபர்வைசருக்குப் போன் போட்டு "டயர் பஞ்சர்" என்று சொல்ல முடிகிறது, "அவசரமா வருது, கால் மணி நேரம் வேணும்" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்கும் அதுதான் பிடிக்கும். போன வாரம் ஒரு நாள் எனக்கு வந்த ரூட்: 9 மணி நேர ஷிஃப்ட், 160 ஸ்டாப். 540 நிமிடத்தை 160ஆல் வகுத்தால் ஒரு ஸ்டாப்புக்கு 3 நிமிடம் 20 விநாடி சொச்சம். இதற்குள் வண்டியை ஓட்டி வந்து சேர வேண்டும், நிறுத்த இடம் தேட வேண்டும், பின்னால் ஏறிப் பார்சலைத் துழாவ வேண்டும், மாடி ஏற வேண்டும், மணியடித்து நிற்க வேண்டும், போட்டோ எடுத்து ஸ்கேன் செய்துவிட்டு இறங்கி ஓடி வர வேண்டும். காலையில் கிடங்கில் லோடு ஏற்றிய நேரமும் இந்த 540க்குள்தான். சாப்பாட்டு இடைவேளை என்று தாளில் இருக்கும் அரை மணியும் இதற்குள்தான். இப்போது அவசரம் வருகிறது என்று வையுங்கள். பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்கு ரூட்டை விட்டு ஐந்து நிமிடம் தள்ளி. போக ஐந்து, வர ஐந்து, சாவி கேட்டு வாங்கி உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வர ஐந்து. கால் மணி நேரம். நாலு ஸ்டாப் போச்சு. ஆப்பில் பச்சையாக இருந்த கோடு சிவப்பாகிறது, "ஏன் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள்?" என்று மெசேஜ் வருகிறது. வண்டி எங்கே நிற்கிறது என்று நொடிக்கு நொடி தெரிந்தவர்களுக்கு ஏன் நிற்கிறது என்று ஊகிக்கக்கூடத் தெரியவில்லை என்றால் நான் நம்பத் தயாரில்லை.

அதனால் என்ன செய்கிறோம்? தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறோம். காலையில் கிளம்பும் முன் இரண்டு தடவை போய்விட்டு வருவது, பதினோரு மணி வரை தொண்டையை நனைக்க ஒரு வாய் மட்டும், அப்புறம் கழிப்பறை இருக்கிற ஸ்டாப் எத்தனையாவதாக வருகிறது என்று பார்த்து அதற்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் வயிறு நிறையக் குடிப்பது. இது ஏதோ என்னுடைய சாமர்த்தியம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன், கிடங்கில் ஒருநாள் பேச்சு வந்தபோதுதான் தெரிந்தது, ஆளுக்கொரு முறையில் எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள். வளர்ந்த ஆளின் சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 600 மில்லி வரை கொள்ளும், பாதி நிறையும்போதே மூளைக்குத் தகவல் போய்விடும். தகவல் வந்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் அடக்கி, அதையே தினசரி வழக்கமாக்கினால், சிறுநீர்த் தொற்றை நாமே கூப்பிட்டு உட்கார வைக்கிற மாதிரி. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிக் கல் சேரும். என்னோடு ஓட்டிய ஒருவர் கல்லடைப்பு வலியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, எழுந்திருக்க முடியாமல் சீட்டில் சுருண்டபடி அலுவலகத்துக்குப் போன் செய்தார். மீதியிருக்கும் 41 பார்சலை எங்கே வந்து எடுத்துக்கொள்வது என்பதுதான் அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் கேள்வி.

பாட்டில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். வேனின் பின்கதவைச் சாத்திக்கொண்டு, அரை இருட்டில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு கையால் ரேக்கைப் பிடித்தபடி, வெளியே யாரோ நடந்து போகிற சத்தம் கேட்டதும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். பாட்டில் அகன்ற வாயாக இருக்க வேண்டும், திருகு மூடி வேண்டும், உள்ளே இருப்பது வெளியே தெரியாத நிறமாக வேண்டும். புதிதாகச் சேருகிற பையன்களுக்குப் பழைய ஆட்கள் காதோடு சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. இடுப்பு பிடிக்காமல் பெட்டி தூக்குவது எப்படி என்று உங்கள் பயிற்சி வீடியோவில் ஏழு நிமிடம் வருகிறது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை. முடிந்ததும் கை கழுவக் குழாய் ஏது? குடிக்கிற தண்ணீரில் மிச்சமிருப்பதை ஊற்றித் தேய்த்துவிட்டு அடுத்த வீட்டு மணியை அழுத்துகிறேன். சாப்பாட்டு டெலிவரி ஓட்டிய நாட்களில் இதுதான் என்னை ரொம்ப அரித்தது. சமைக்கிறவர், பரிமாறுகிறவர் எல்லோருக்கும் கை கழுவும் விதி உண்டு, சுவரில் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். அதே சாப்பாட்டை வீட்டு வாசல் வரை கொண்டுபோகிறவன் அந்தக் குழாயைத் தொட்டால் "ஸ்டாஃப் மட்டும்" என்பார்கள்.

பெண் ஓட்டுநர்களுக்கு அந்தப் பாட்டிலும் கிடையாது. அவர்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம்தான், அதனாலேயே தொற்று ஆண்களைவிடச் சுலபமாக மேலே ஏறிவிடும் என்று டாக்டர்கள் சொல்வார்கள், அப்படிப்பட்டவர்கள்தான் எங்களைவிட நீண்ட நேரம் அடக்குகிறார்கள். எங்கள் கிடங்கில் ஒரு அக்கா இருக்கிறார். மாதத்தில் இரண்டு நாள் அவர் ஷிஃப்ட் எடுப்பதில்லை, நாப்கின் மாற்ற இடம் கிடைக்குமா என்கிற கவலையோடு 9 மணி நேரம் ஓட்ட முடியாது என்பதால். ஆப் அதை "வருகை குறைவு" என்று குறித்துக்கொண்டு அடுத்த வாரம் ஷிஃப்ட் தேர்வில் அவரைப் பின்னால் தள்ளியது. அவரிடம் எந்த ஏரியா உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒருமுறை கேட்டேன். "தம்பி, எனக்கு நல்ல ஏரியா, மோசமான ஏரியான்னு ஒண்ணும் இல்ல. பாத்ரூம் இருக்கிற ரூட்டு, இல்லாத ரூட்டு. ரெண்டே ரெண்டுதான்" என்றார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அந்த அரை மணி நேரம் எங்கள் சம்பளக் கணக்கில் தினமும் தானாகக் கழிந்துவிடுகிறது. எடுத்தாலும் கழியும், எடுக்காவிட்டாலும் கழியும். ஒருமுறை துணிந்து கேட்டேன், "எடுக்காத இடைவேளைக்கு ஏன் சார் பிடிக்கிறீங்க?" என்று. "எடுத்துக்க வேண்டியதுதானே, யார் தடுத்தா?" என்று பதில் வந்தது. சரி என்று மறுநாள் முழுசாக 30 நிமிடம் எடுத்தேன், மர நிழலில் வண்டியை நிறுத்தி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மென்று தின்றேன். மென்று தின்பது என்பதே மறந்துபோயிருந்தது. அன்று சாயங்காலம் 9 பார்சல் திரும்பி வந்தது, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதச் சொன்னார்கள். அதற்கடுத்த நாளிலிருந்து பழையபடி மடியில் டப்பா, சிக்னல் விழும்போது ஒரு வாய், பச்சை விழுந்தால் மூடி வை. இதில் என் வயிறு மட்டுமில்லை, எனக்கு முன்னால் ரோட்டைக் கடக்கிறவரும் சம்பந்தப்பட்டிருக்கிறார்.

விதி இல்லாமலா இருக்கிறது? ஏராளமாக இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 ஒழுங்குமுறை, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும் என்கிறது, அதை வண்டியிலேயே பதிவு செய்ய டாக்கோகிராஃப் என்று ஒரு கருவியும் உண்டு. ஆனால் அது அடிப்படையில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு. நாடு விட்டு நாடு போகிற, 2.5 டன்னுக்கு மேற்பட்ட வேன்களுக்கு 2026 ஜூலையில் இருந்துதான் என்று தேதி குறித்தார்கள். ஊருக்குள் சுற்றுகிற சின்ன வேனும் பைக்கும் இதில் வராது. வண்டி பெரிதாக இருந்தால்தான் ஓட்டுகிறவனுக்குப் பசிக்கும் போலிருக்கிறது. இந்தியாவில் 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரை மணி ஓய்வு என்று எழுதிவைத்தது. கலிபோர்னியாவில் ஐந்தாவது மணி முடிவதற்குள் 30 நிமிடச் சாப்பாட்டு இடைவேளை, நாலு மணி நேரத்துக்கு ஒரு பத்து நிமிட ஓய்வு, கொடுக்கத் தவறினால் ஒரு மணி நேரச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடித்தது. இடைவேளை கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு விலை இருந்தால்தான் ரூட் போடுகிறவருக்கு அது ஞாபகம் வரும்.

கழிப்பறைக்கும் விதி உண்டு. அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஓஷா 1998 ஏப்ரலில் ஒரு விளக்கக் குறிப்பை வெளியிட்டது: கழிப்பறை கட்டி வைத்தால் மட்டும் போதாது, தேவைப்படும்போது தொழிலாளி அங்கே போகவும் விட வேண்டும், காரணமில்லாமல் கட்டுப்படுத்தக் கூடாது. அதே விதியில் ஊர்சுற்றி வேலை செய்பவர்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. பக்கத்துக் கழிப்பறைக்குப் போக உடனடியாக வண்டி வசதி இருந்தால் அவர்களுக்கென்று தனியாகக் கட்டித்தர வேண்டியதில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டி வசதியா? பொழுதன்றைக்கும் வண்டியிலேயேதான் சார் இருக்கிறோம், எந்தக் கழிப்பறைக்கும் போக முடிந்ததில்லை. அந்த வரியை எழுதியவர்கள் வண்டி இருந்தால் நேரமும் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள், வண்டிக்குள்ளேயே கடிகாரத்தை வைத்துப் பூட்டுகிற ஒரு வேலை வரும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, எங்கள் விஷயத்தில் பூசாரி அந்த ஆப்தான்.

நாங்கள் போகிற இடங்களிலும் இதே கதை. பிரிட்டனில் 1992 வேலையிட விதிகளை விளக்கும் சுகாதாரப் பாதுகாப்பு ஆணையம், வேலை நிமித்தம் வந்துபோகிற ஓட்டுநர்களுக்கும் அந்த இடத்துக் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. நியூயார்க் நகரத்தில் 2022 ஜனவரியில் இருந்து, ஆர்டர் எடுக்க வரும் டெலிவரி தொழிலாளிக்கு உணவகக் கழிப்பறையைப் பயன்படுத்த உரிமை உண்டு, அதை உணவகங்களோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதும் பொறுப்பை டெலிவரி நிறுவனத்தின் தலையில்தான் வைத்தார்கள். நீங்கள் கடைக்காரர்களோடு கமிஷன் எத்தனை சதவீதம், பேக்கிங் எப்படி, ஆர்டர் எத்தனை நிமிடத்தில் தயாராக வேண்டும் என்று பக்கம் பக்கமாக ஒப்பந்தம் போடுகிறீர்கள். அதில் ஒரு வரி சேர்க்க எந்த ஊர்ச் சட்டத்துக்காகக் காத்திருக்கிறீர்கள்?

"அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, சுதந்திரமாக வேலை செய்பவர்கள், எப்போது வேண்டுமானாலும் ஓய்வெடுக்கலாம்" என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். கலிபோர்னியாவில் 2020ல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 22ஆம் முன்மொழிவு அப்படிப்பட்ட ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்றைச் சொன்னது, ஆனால் ஆர்டரை ஏற்றதில் இருந்து கொடுத்து முடிப்பது வரைதான் அதற்குக் கணக்கு. நடுவில் காத்திருக்கும் நேரமும் கழிப்பறை தேடும் நேரமும் யாருடைய கணக்கிலும் வராது. சுதந்திரம் என்றால் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்: ஆஃப்லைன் போட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால் அதுவரை மளமளவென்று வந்துகொண்டிருந்த ஆர்டர் ஏன் முக்கால் மணி நேரம் வராமல் போகிறது? தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் அது தெரியாத வரை ஒருவன் ஆஃப்லைன் போடவே பயப்படுவான், நான் பயந்தேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் கொண்டுவந்த தள வேலை (ஆப் வழியாகக் கிடைக்கிற வேலை) வழிகாட்டுச் சட்டம் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. ஆளைக் கண்காணிக்கும் தானியங்கி முறைகள் தொழிலாளி மீது அளவுமீறிய அழுத்தம் தரவோ உடலையும் மனசையும் கெடுக்கவோ கூடாது என்கிறது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்க 2026 டிசம்பர் வரை கெடு.

2021 மார்ச்சில் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அமேசான் தொழிலாளர்கள் பாட்டிலில் போக வேண்டியிருக்கிறது என்று ஓர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் எழுதியதற்கு, அதையெல்லாம் நீங்கள் நம்புகிறீர்களா என்று அமேசான் கிண்டலாகப் பதில் போட்டது. பத்து நாள் ஆகவில்லை, ஏப்ரல் 2ஆம் தேதி மன்னிப்புக் கேட்டது. ஓட்டுநர்களுக்குக் கழிப்பறை கிடைப்பது கஷ்டம்தான், பெருந்தொற்றில் பொதுக் கழிப்பறைகள் மூடியதில் இன்னும் மோசமானது என்று ஒத்துக்கொண்டது. கூடவே இது தொழில் முழுக்கவே நெடுநாளாக இருக்கிற பிரச்சினை என்றும் சொன்னது. எனக்கு அந்தக் கிண்டலைவிட இந்த வாக்கியம்தான் உறுத்துகிறது. எல்லோரிடமும் இருக்கிற பிரச்சினை என்று சொல்லிவிட்டால் யாரும் கை வைக்க வேண்டாம் பாருங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கழிப்பறையை ரூட்டில் ஒரு ஸ்டாப்பாகப் போடுங்கள். அவ்வளவுதான், மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நெரிசல், எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, எந்த வீட்டில் நாய் இருக்கிறது என்பது வரை உங்கள் கணினிக்குத் தெரிகிறது, 160 ஸ்டாப்பை வரிசைப்படுத்தும்போது 161ஆவதாகவும் 162ஆவதாகவும் இரண்டு கழிப்பறையைச் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்குவது அதற்கு ஒரு வேலையா? ஸ்டாப்பாகப் போட்டால் தாமதம் என்று சிவப்பு விழாது, விளக்கம் எழுத வேண்டாம், போன் போட்டுக் கேட்கும் கூச்சமும் வேண்டாம். உடம்புக்கு நேரம் குறித்துக்கொண்டு வராது என்பதால் அந்த ஸ்டாப்பை முன்னே பின்னே இழுத்துக்கொள்ளும் வசதி மட்டும் ஓட்டுநர் கையில் இருக்கட்டும். போனாரா, எத்தனை தடவை போனார் என்று கணக்கெடுக்காதீர்கள், அது இன்னொரு தலைவலிக்கு ஆரம்பம். சாப்பாட்டு இடைவேளையும் அதேபோலத்தான், அந்த 30 நிமிடம் ஆர்டரும் வராமல் மெசேஜும் வராமல் திரை அமைதியாக இருக்க வேண்டும், எடுக்க முடியாமல் போன நாளில் அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

அப்போது ஒரு வேனுக்கு ஏழெட்டு ஸ்டாப் குறையும் என்று உங்கள் ஆட்கள் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். குறையட்டும், குறையத்தான் வேண்டும். இப்போது அந்த ஏழெட்டு ஸ்டாப் எங்கள் சிறுநீரகத்திலிருந்து வருகிறது. நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாள் என்று நீல நிறத்தில் ஒரு போஸ்டர் போடுவீர்களே, அன்றைக்கு அந்தப் போஸ்டரைச் செய்கிற அலுவலகத் தம்பியையோ தங்கையையோ ஒரு முழு ஷிஃப்ட் எங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்த்தி அனுப்புங்கள். நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இடம் தேடும் சிரமமும் உங்களுக்கு வேண்டாம். எந்தப் பங்கில் சாவி கேட்டால் தருவார்கள், எந்தக் கடையில் முகத்தைப் பார்த்து விரட்டுவார்கள், எந்தப் பூங்காக் கழிப்பறை ஆறு மணிக்குப் பூட்டப்படும், எதில் உள்தாழ்ப்பாள் இல்லை, எதில் பெண்கள் போகலாம் என்று நாங்களே ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். முக்கால்வாசி அந்த அக்கா சேர்த்தது. போன்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வாரத்துக்கு நாலு திருத்தமாவது வரும், பூட்டியது, திறந்தது, குழாய் உடைந்தது என்று. உங்கள் மேப்பில் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு முகவரி மட்டும் சொல்லுங்கள். உதவி மையத்து எண் வேண்டாம், அங்கே நாலு தடவை கேட்டாயிற்று.

இப்படிக்கு,
உங்கள் திரையில் நகர்கிற புள்ளிகளில் ஒருவன்